கரையைக் காத்தால் கிணறு தப்பும்

“கடல் மீனவருக்கு உரியது. நாங்கள் மண்ணைக் கொத்திப் பிழைக்கிறவர்கள். கரையோரச் சட்டத்தால் எங்களுக்கு ஆவது என்ன?”

கிராமக் கூட்டங்களில் கரையோரப் பாதுகாப்புப் பற்றிப் பேச்செடுத்தால் இவ்வாறு கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பல வருடங்களை முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழித்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுக்கும், திரும்பும் நாளை எதிர்பார்த்திருப்பவர்களுக்கும், கரையோரத்தில் மாற்றுக்காணி பெற்றவர்களுக்கும் கவலைகள் பல. பற்றை வெட்ட வேண்டும். வேலி அடைக்க வேண்டும். தூர்ந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். வீட்டுக்கு அத்திவாரம் போட வேண்டும். இவற்றுக்கு நடுவே கடற்கரையைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆனால் மேலே சொன்ன வேலைகளில் இரண்டு கடற்கரையுடன் நேரடியாகத் தொடர்புபட்டவை. ஒன்று கிணறு, மற்றது வீடு. கரையில் மணல் அகன்றால் கிணறு சவராகலாம். சட்டத்தை அறியாமல் கட்டினால் வீடு சிக்கலுக்குள்ளாகலாம். ஆகவே இச்சட்டத்தைக் கமக்காரராகிய நாமும் அறிந்திருத்தல் அவசியம்.

மணல்மேடும் நல்ல தண்ணீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை நிலத்துள் இறங்கித் தங்குவதே எமது கிணற்று நீர். மன்னார்த் தீவு, முல்லைத்தீவு, மட்டக்களப்பு முதலிய இடங்களின் மணற்பாங்கான கரையோரங்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே.

நன்னீர் உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது. எனவே நிலத்தடியில் நன்னீர் மேலாகவும் கடலிலிருந்து ஊடுருவும் உவர்நீர் கீழாகவும் நிற்கின்றன. இங்கே ஒரு கணக்கை நினைவில் வைத்தல் நல்லது. நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயர்ந்து நின்றால், அது கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும். அந்த ஓர் அடி அரை அடியாகக் குறைந்தால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 20 அடி வரை மேலே ஏறிவிடும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைத்த கிணறு சில வருடங்களில் சவராகிப் போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அளவுக்கு மிஞ்சி இயந்திரத்தால் இறைப்பதும் இதே விளைவைத் தரும் என்பதையும் மறந்துவிடலாகாது.

கடற்கரை மணல்மேடு இந்த இடத்தில்தான் எமக்கு உதவுகிறது. மழைநீரை உறிஞ்சி, மெதுவாகக் கசியவிட்டு, நன்னீரின் உயரத்தைத் தாங்கி நிற்பது அது. புயற்காலத்தில் கடல் பொங்கும்போது அலையைத் தடுக்கும் அணையும் அதுவே. வடமராட்சி கிழக்கில் மணற்காடு, அம்பன் போன்ற இடங்களின் மணல்மேடுகள் வெறும் மணல் அல்ல. அவை தண்ணீர்த் தொட்டிகள். மேட்டை வெட்டி ஏற்றினால் தொட்டி சிறுக்கிறது; பள்ளத்தில் தேங்கும் நீர் வெயிலில் ஆவியாகிறது; கடல் உள்ளே வர வழியும் திறக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபின், கிழக்குக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகள் உவராகி, அவற்றை மீட்க மாதக்கணக்கில் மழைக்குக் காத்திருந்ததை எம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

இலங்கையின் கரையோரம் பேணற் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டமாகும். 1983இல் இது நடைமுறைக்கு வந்தது. 2011இல் 49ஆம் இலக்கச் சட்டத்தால் விரிவாகத் திருத்தப்பட்டது. இன்று இதனை நடைமுறைப்படுத்துவது கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம் ஆகும்.

‘கரையோர வலயம்’ என இச்சட்டம் குறிப்பது, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும், சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கொண்ட பகுதியாகும். கடலுடன் தொடர்புள்ள ஆறு, களப்பு, கடனீரேரி என்பவற்றில் முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை வலயம் நீள்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நீர்நிலைகளின் ஓரமாக 100 மீற்றர் நிலத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே கடல் கண்ணுக்குத் தெரியாத காணியும் வலயத்துக்குள் இருக்கக்கூடும்.

இவ்வலயத்துள் ‘அபிவிருத்தி நடவடிக்கை’ எதனையும் செய்வதற்கு முன் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். கட்டடம் கட்டுதல், மணல், முருகைக்கல், சிப்பி, இயற்கைத் தாவரங்கள் என்பவற்றை அகற்றுதல், நிலம் நிரப்புதல், தோண்டுதல், கழிவு கொட்டுதல் யாவும் இதில் அடங்கும்.

கமக்காரர் கவனிக்கவேண்டிய ஒரு விடயம் உண்டு. மீன்பிடித்தல், பயிர் செய்தல், மரம் நடுதல் ஆகியவற்றுக்குப் பொதுவாக அனுமதிப்பத்திரம் கேட்கப்படுவதில்லை. தோட்டம் செய்பவரையும் தென்னை நடுபவரையும் தடுப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று. ஆனால் இறால் வளர்ப்புக்குக் குளம் தோண்டுவது பயிர்ச்செய்கை ஆகாது. அதற்கு அனுமதி வேண்டும். கிணறு வெட்டுதல், மதில் கட்டுதல் போன்றவற்றில் ஐயமிருந்தால் முன்கூட்டியே கேட்டறிவதே நன்று.

அனுமதி வழங்குவதற்கும் அளவுகோல் உண்டு. செய்யப்போகும் வேலை கரையோர முகாமைத்துவத் திட்டத்துக்கு இசைவாக இருக்கவேண்டும். கரையின் உறுதியையும் உற்பத்தித் திறனையும் சுற்றாடல் தரத்தையும் கெடுக்கக்கூடாது. பெரிய திட்டமாயின் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்படலாம். அவ்வறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, 30 நாட்களுக்குள் கருத்துத் தெரிவிக்க இடமளிக்கப்படும். சிறிய வீடு போன்ற சிறு வேலைகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் பிரதேச செயலாளருக்குக் கையளிக்கப்பட்டுள்ளது. எனவே எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை.

தெற்கிலிருந்து ஒரு பாடம்

இச்சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதைத் தென்மேற்குக் கரை காட்டுகிறது. அங்கே வீடு கட்டும் சுண்ணாம்புக்காக முருகைக்கற்கள் நீண்டகாலம் உடைக்கப்பட்டுச் சூளைகளில் எரிக்கப்பட்டன. கடலின் வேகத்தைத் தணித்த பார் உடைந்ததும் கரை அரிக்கத் தொடங்கியது. 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கரையோர வலயத்துள் முருகைக்கல் அகழ்வதையும் எரிப்பதையும் தடைசெய்தது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் ஆய்வாளர்கள் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தனர். முருகைக்கல் அகழப்பட்ட பெரேலியவில் கடல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே புகுந்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட புகைவண்டி நின்ற இடம் அதுவே. அங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தெற்கே, பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் சுமார் 50 மீற்றர் மட்டுமே புகுந்திருந்தது. கடற்படுகையின் அமைப்புப் போன்ற வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் உடைத்து விற்ற கல்லின் விலையையும் அதற்காகக் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சட்டம் யாரைத் தொடுகிறது?

சட்டம் நல்லது என்பதால் அது எப்போதும் நீதியாக நடந்தது என்று நாம் கூறவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடம் கட்டத் தடையான வலயம் அறிவிக்கப்பட்டது. வடக்கு கிழக்குக்கு மட்டும் ஏன் இரட்டைத் தூரம் என்று மக்கள் கேட்டனர். உல்லாசப் பயண விடுதிகளுக்கு விலக்கு இருக்க, குடிசை போட்டிருந்தவர் அகலவேண்டியிருந்தது. மாற்றுக்காணி கிடைக்காமல் பல குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தன. இறுதியில் 2005 டிசெம்பரில் இத்தடை தளர்த்தப்பட்டு, கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் முன்னரே இருந்த, இடத்துக்கு இடம் வேறுபடும் தூரங்கள் மீண்டும் கொள்ளப்பட்டன.

அவ்விடத்து மக்களைக் கேளாமல் கீறப்படும் கோடு ஏழையின் முற்றத்திலேயே முதலில் விழும். இடம்பெயர்ந்தவருக்கு இது புதிய செய்தியல்ல.

கேட்டுச் செய்வது வேறு விதம். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் தங்காலைக்கு அருகே ரேக்கவ என்றொரு களப்பு உண்டு. 1980களில் அதன் கடல்வாய்க் கால்வாயின் குறுக்கே ஒரு தாம்போதி கட்டப்பட்டது. போக்குவரத்துக்கு அது வசதியே. ஆனால் நீரோட்டம் தடைப்பட்டது. இறால் குஞ்சுகள் உட்செல்லும் வழி சுருங்கியது. பிடிபடும் இறால் குறைந்தது. 1990களில் கரையோரத் திணைக்களம் அங்கும் ஹிக்கடுவையிலும் ‘விசேட பிரதேச முகாமைத்துவம்’ என்ற முறையைத் தொடங்கியது. உத்தியோகத்தரும் கிராமத்தவரும் ஒன்றாக அமர்ந்து, அவ்விடத்துக்கெனத் திட்டம் வகுப்பதே இம்முறை. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்குச் சட்ட அடிப்படையும் தந்தது. எமது பகுதிகளிலும் இதனைக் கேட்டுப் பெறும் வழி இருக்கிறது.

கமக்காரரும் மீனவரும் ஒன்றாக அமரவேண்டிய தேவையை மட்டக்களப்பு மக்கள் நன்கு அறிவர். வெள்ளத்தில் வயல் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுமாறு கமக்காரர் கேட்பர். நேரமறியாது வெட்டினால் களப்பு மீன் குறையும் என்பர் மீனவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இருவரும் இருந்து பேசினால்தான் வெட்டும் நாளையும் இடத்தையும் சரியாகத் தீர்மானிக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. காணி வலயத்துள் வருகிறதா என்று அறிதல். அத்திவாரம் வெட்டுமுன், பிரதேச செயலகத்தில் கரையோர விடயத்தைக் கவனிக்கும் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கடலிலிருந்து விடவேண்டிய தூரம் இடத்துக்கு இடம் வேறுபடும். பிரதேச சபையின் கட்டட அனுமதி வேறு, கரையோர அனுமதி வேறு. வீட்டுத்திட்ட உதவி கிடைத்தாலும் இவற்றை விசாரிக்கத் தவறவேண்டாம்.

2. ஆவணங்களைச் சேர்த்தல். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுங்கள். விண்ணப்பங்களை எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பிரதியை வைத்திருங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; மேன்முறையீடு செய்யவும் வழி உண்டு.

3. மணல் ஏற்றுவதைக் கவனித்தல். மணல் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் உத்தரவுப்பத்திரம் வேண்டும்; வலயத்துள் கரையோர அனுமதியும் வேண்டும். ஐயமிருந்தால் நாள், நேரம், இடம் என்பவற்றைக் குறித்துச் சங்கத்தின் பெயரால் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதுங்கள். தனியாளாக லொறியை மறிக்கப் போகவேண்டாம். மணல் ஏற்றும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பலவேளை எமது பிள்ளைகளே; எமது வீடுகளுக்கும் மணல் வேண்டும். ஆகவே அனுமதி பெற்ற இடத்து மணலை மட்டும் வாங்குவோம் என்று சங்கத்தில் தீர்மானித்தல் பலன் தரும்.

4. கிணற்றுக் கணக்கு வைத்தல். மாரி முடிந்ததும் ஒருமுறை, கடுங்கோடையில் ஒருமுறை, நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதென்று கயிற்றால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். தண்ணீரின் சுவை மாறினால் அதையும் எழுதுங்கள். சில வருடக் கணக்கு இருந்தால் அதிகாரிகளிடம் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை.

5. கரைத் தாவரங்களைக் காத்தல். அடம்பன், இராவணன் மீசை, தாழை என்பவை மணலைப் பிடித்து வைத்திருப்பவை. விறகுக்கும் வேலிக்கும் இவற்றை வெட்டாமலும், ஆடுமாடுகளை மணல்மேட்டில் மேயவிடாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

6. அறிவித்தல்களை வாசித்தல். பெரிய திட்டம் பற்றிய அறிவித்தல் வந்தால் 30 நாட்களும் விரைவில் ஓடிவிடும். கமக்கார அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், மாதர் சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கருத்தை அனுப்புங்கள்.

மணலில் படரும் அடம்பன் கொடியைத் தனியே இழுத்தால் எவரும் அறுத்துவிடலாம். அது திரண்டு படர்ந்த மேட்டைக் காற்றாலும் அசைப்பது கடினம். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று எமது முன்னோர் சொன்னது கடற்கரையைப் பார்த்துத்தான். அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டத்துக்கு மீனவர் சங்கத் தலைவரையும் அழையுங்கள். முதல் விடயமாக ஊர்க் கிணறுகளின் நிலையைப் பேசுங்கள்.