கிளச் கோளாறா? கியர் பொக்ஸைக் கழற்றுமுன் கவனியுங்கள்

வியாபாரிக்கு வான் இன்னொரு கை. அது நின்றால் சரக்கும் நிற்கும், வர வேண்டிய காசும் நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வானைப் பார்த்துப் பராமரித்தவர்தான் தொழிலைக் காப்பாற்றினார். பல்லேகலயிலிருந்து பதினெட்டு வளைவு வழியாக மஹியங்கனைக்குச் சரக்கு ஏற்றும் வானில் முதலில் களைப்பது கிளச்தான்.

ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. முன்னால் ஆளில்லாத சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்தால் பிடிமானம் உண்டு. அணையாமல் ஓடினால் முதலில் பெடலின் இளக்கத்தைப் பாருங்கள். அது சரியென்றால் பிளேட்தான்.

கியர் விழ மறுத்தால், ரிவர்ஸ் கரகரத்தால், கிளச் ஒயில் குறைந்திருக்கிறதா, சிலிண்டர்களில் கசிவு உண்டா என்று பாருங்கள். என் நண்பர் ஒருவருக்குப் புதிய கிளச் செட் போட வேண்டும் என்றார்கள். கடைசியில் சிலிண்டர் ரப்பரை மாற்றியதோடு வேலை முடிந்தது.

பெடலை மிதித்தால் சத்தம் வருகிறதா? ரிலீஸ் பெயாரிங். நியூட்ரலில் வரும் சத்தம் மிதித்ததும் நிற்கிறதா? கியர் பொக்ஸின் முன் பெயாரிங்.

பின் சில்லு இழுக்கும் வான் என்றால் வீட்டிலும் கழற்றலாம். பற்றரி வயரை எடுத்து, சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, கொங்கிறீட் தரையில் இரும்புத் தாங்கிகளில் வானை நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ அடியில் படுக்காதீர்கள். ஒயிலை வடித்து, புரொப்பலர் ஷாஃப்ட்டை அடையாளமிட்டுக் கழற்றுங்கள். கியர் கம்பிகள், வயர்கள், கிளச் சிலிண்டர், ஸ்டார்ட்டர் ஆகியவற்றையும் விடுவியுங்கள். எஞ்சினுக்குப் பலகை வைத்து ஒரு ஜாக், கியர் பொக்ஸுக்கு இன்னொன்று. பிறகு தாங்கு சட்டத்தையும் சுற்றுப் போல்ட்டுகளையும் எடுத்து, நேராகப் பின்னுக்கு இழுங்கள். பாரம் ஷாஃப்ட்டில் தொங்கினால் பிளேட் வளையும்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே இலாபம், கழற்றும் கூலி ஒன்றுதானே. எஞ்சினின் பின் ஒயில் சீலையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

உறுதியான தரையும் துணைக்கு ஓர் ஆளும் இல்லையென்றால் கராஜுக்கே கொடுங்கள். ஆனால் கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டு போங்கள். சரக்கைப் பார்க்காமல் விலை பேசுவது வியாபாரிக்கு அழகல்ல.