ஒரு நாள் போதும், வழிகாட்டி பேசினால்

மொரீஷியஸுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் பலரும் வாங்கும் பேக்கேஜ் ஒன்று உண்டு: தீவின் தென்மேற்கை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பயணம். காலையில் ஹோட்டல் வாசலுக்கு வேன் வரும். கியூர்பீப் நகரத்தில் அடங்கிப்போன எரிமலையின் வாய், கிராண்ட் பாசான் ஏரிக்கரையில் சிவன் சிலை, பிளாக் ரிவர் கார்ஜஸ் காட்டின் விளிம்பில் ஒரு காட்சிமுனை, ஷமரேல் அருவி, அதையடுத்து ஏழு வண்ண மண்மேடு. நடுவில் மதியச் சாப்பாடும் ஒன்றிரண்டு கடைகளும். இருட்டுவதற்குள் மீண்டும் ஹோட்டல். இப்படிப்பட்ட பயணத்தை அவசரக்காரர்களின் வேலை என்று இளக்காரமாகப் பேசுவது வழக்கம். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. மொரீஷியஸ் போன்ற சிறு தீவை அறிந்துகொள்ள, விவரம் தெரிந்த வழிகாட்டியோடு செலவிடும் ஒரு நாள் மிக நல்ல தொடக்கம். அந்த நாள் இன்று வீணாகிறது என்றால், நேரம் போதாததால் வீணாகவில்லை. வேன் நிற்கும் இடங்களை விற்கிறார்கள். அந்த இடங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் கதையை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் வீணாகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். மொரீஷியஸின் முதன்மைத் தீவு சுமார் 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம்; பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு கடலுக்கு மேல் எழுந்து இறுகியதால் உண்டான நிலம் இது. மனிதர்கள் இங்கே குடியேறியதோ மிக அண்மையில். அரபு, போர்ச்சுகீசிய மாலுமிகளுக்குத் தீவு தெரிந்திருந்தும் அவர்கள் யாரும் தங்கவில்லை. டச்சுக்காரர்கள் 1598இல் கரையிறங்கி, 1638இல் குடியேற்றம் அமைத்து, 1710இல் கைவிட்டுப் போனார்கள். 1715இல் பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. 1810இல் பிரிட்டன் கைப்பற்றியது. 1968 மார்ச் 12இல் விடுதலை கிடைத்தது. பூர்வகுடிகளே இல்லாத இந்தத் தீவின் குடியேற்ற வரலாறு முழுவதும் நானூறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. மதுரையை ஒரு நாளில் அறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மொரீஷியஸின் கதையைத் தொடக்கம் முதல் இன்று வரை, நடந்த இடங்களையே கைகாட்டி, ஒரு பகலில் சொல்லிவிட முடியும். உலகில் எல்லா ஊர்களுக்கும் இந்த வாய்ப்பு அமைவதில்லை.

கல், கரும்பு, கூலி

அந்தக் கதையை எங்கே தொடங்குவது? வேன் முதலில் நிற்கும் இடத்திலேயே தொடங்கலாம். கியூர்பீப்பின் த்ரூ ஓ சேர்ஃப் எரிமலை வாயில் இன்று மரங்கள் அடர்ந்திருக்கின்றன. பயணிகள் கால்மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஆனால் அன்று முழுவதும் அவர்கள் பார்க்கப்போவதை எல்லாம் விளக்கும் திறவுகோல் அங்கே இருக்கிறது. எரிமலைப் பாறை வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் சிதைந்தால் களிமண்ணாகிறது. ஷமரேலில் அந்தச் சிதைவு வெகுதூரம் போய்விட்டது. நீரில் கரையக்கூடியவை எல்லாம் அடித்துச் செல்லப்பட்டு, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மட்டும் தங்கிவிட்டன. சிவப்பும் பழுப்பும் ஊதாவுமாக மண் தெரிவது அதனால்தான். அதில் செடி முளைக்காததும் அதனால்தான். அதே பாறை, சிதைவு முற்றாத இடங்களில், கரும்புக்கு ஏற்ற நிலமானது. ஆனால் அந்த நிலத்தில் நிறையக் கற்கள் கிடந்தன. சாலையோரக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே எரிமலைக் கற்களை மேடுமேடாகக் குவித்திருப்பதை வேன் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அந்தக் கற்களை யாரோ ஒவ்வொன்றாகப் பெயர்த்து, சுமந்து, அடுக்கியிருக்கிறார்கள். தீவின் வரலாற்றில் மிக முக்கியமான கேள்வி அந்தக் குவியல்களில் இருக்கிறது: அவற்றைச் சுமந்தவர்கள் யார்? வேன் அங்கே நிற்பதில்லை.

சுமந்தவர்கள் முதலில் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும், இந்தியாவிலிருந்தும்கூட, கொண்டுவரப்பட்டவர்கள். 1825இல் மொரீஷியஸ் சர்க்கரைக்கு பிரிட்டன் விதித்திருந்த கூடுதல் வரி நீங்கியதும் கரும்பு தீவு முழுக்கப் பரவியது. 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமைமுறை ஒழிந்தபோது அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் சிக்கியிருந்தார்கள். இழப்பீடாக பிரிட்டன் கொடுத்த சுமார் 20 லட்சம் பவுன் முதலாளிகளுக்குத்தான் போனது. அடிமைகளாக உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் இடத்தை நிரப்ப, அதற்கு முந்தைய ஆண்டே ஒப்பந்தக் கூலிகளின் வரத்து தொடங்கிவிட்டது. 1834 நவம்பர் 2ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் 36 பேரை இறக்கியது. 1920 வரை இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பாலோர் பீகார்ப் பகுதியிலிருந்து கல்கத்தா வழியாகவும், மற்றவர்கள் சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியாகவும் கப்பலேறியவர்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. அவர்கள் கரையேறிய போர்ட் லூயி நகரத்தின் ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இந்தப் பின்னணி தெரிந்தால், அதே பயணத்தில் வரும் மற்ற இடங்களும் வேறு விதமாகப் புரியத் தொடங்கும். கிராண்ட் பாசான் எரிமலை வாயில் நீர் தேங்கி உண்டான ஏரி. கூலிகளின் வாரிசுகள் அதைக் கங்கையோடு இணைத்துக்கொண்டு, கங்கா தலாவ் என்று அழைக்கிறார்கள்; 1972இல் கங்கை நீரையும் கொண்டுவந்து அதில் சேர்த்தார்கள். மகா சிவராத்திரிக்குத் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் காவடி போன்ற அலங்காரங்களைச் சுமந்து நடந்தே வருகிறார்கள். 33 மீட்டர் சிலையைப் பார்ப்பவர்கள் உயரத்தை வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊரையும் உறவையும் கடலுக்கு அப்பால் விட்டுவந்த மக்கள், வந்த மண்ணிலேயே தங்களுக்கு ஒரு தீர்த்தத்தை உண்டாக்கிக்கொண்டதுதான் அங்கே வியக்கவேண்டியது. தென்மேற்கு முனையில் 556 மீட்டர் உயரம் நிற்கும் லெ மோர்ன் மலையும் அப்படித்தான். தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்தவர்களை, தங்களைப் பிடிக்க வந்த படை என்று நினைத்துப் பலர் செங்குத்துப் பாறையிலிருந்து குதித்து மாண்டார்கள் என்று வாய்வழி மரபு சொல்கிறது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த மலை, பல பயணத் திட்டங்களில் கடற்கரைப் படத்துக்கு ஒரு பின்னணியாக மட்டுமே வருகிறது.

காட்டுக்கும் இதே நிலைதான். பிளாக் ரிவர் கார்ஜஸ் காட்சிமுனையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. அந்தப் பச்சையில் எது தீவுக்குச் சொந்தம், எது வந்தேறியது என்று ஒரு வழிகாட்டி பிரித்துக் காட்டினால் பார்வையே மாறிவிடும். டச்சுக்காரர்கள் கருங்காலி மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். பின்னால் கரும்பு சமவெளியை விழுங்கியது. சீனக் கொய்யா போன்ற அயல் செடிகளும் குரங்கு, பன்றி, எலி, மான் போன்ற கொண்டுவந்த விலங்குகளும் மிச்சத்தை நெருக்கின. சிதையாத இயற்கைக் காடு இன்று தீவின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்தது எல்லோருக்கும் தெரியும்; சாவிக்கொத்தில்கூட அதன் உருவம் விற்கிறது. 1974இல் காட்டில் நான்கே நான்கு என்று எண்ணப்பட்ட மொரீஷியஸ் வல்லூறு, முட்டைகளை எடுத்து அடைகாத்துக் குஞ்சு பொரிக்கவைத்த உழைப்பால் மீண்டது பலருக்குத் தெரியாது. அழிந்துபோன பறவையை நினைவுப்பொருளாக விற்கும் சுற்றுலா, காப்பாற்றிய பறவையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசக் கூடாதா?

ஏன் பேசுவதில்லை?

சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு, ஆங்கிலம், கிரியோல் என்று மாறிமாறிப் பேசும் அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் தீவை நன்றாகவே தெரியும். கோளாறு தொழிலின் அமைப்பில் இருக்கிறது. உலகம் முழுவதும் இத்தகைய மலிவுப் பயணங்களில் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, கடைகளில் கிடைக்கும் கமிஷனில் ஈடுகட்டும் பழக்கம் இருக்கிறது. அப்படி நடக்கும் இடத்தில் வண்டி ஓட்டுவது, ஆட்களை எண்ணி ஏற்றுவது, நேரம் பார்ப்பது, கடைக்கு அழைத்துப் போவது எல்லாம் ஒரே மனிதரின் தலையில் விழுகின்றன. அவர் பேசும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை. பயணிகள் கடையில் நிற்கும் நேரத்துக்குத்தான் வருமானம். கமிஷனை ஒழித்தால் கட்டணம் ஏறுமே என்பார்கள். ஏறத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணத்தைப் பயணி இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்: கடையில் ஏற்றிவைத்த விலையாகவும், இழந்த ஒரு மணி நேரமாகவும். அதே தொகையை வழிகாட்டியின் கூலியாக நேரடியாகக் கொடுப்பதே இருவருக்கும் மரியாதை.

விடுமுறைக்கு வந்தவர்களிடம் அடிமைக் கதையும் கூலிக் கதையும் எதற்கு, அவர்கள் கடலையும் மணலையும் தேடி வந்தவர்கள் ஆயிற்றே என்று ஒரு மறுப்பு உண்டு. இது பயணிகளைக் குறைத்து மதிப்பிடும் வாதம். கடற்கரையில் கிடக்க விரும்புகிறவர் ஹோட்டலிலேயே இருந்துவிடுவார். பணம் கொடுத்து ஒரு நாள் முழுக்க வேனில் ஏறுகிறவர் தீவைப் பார்க்க விரும்பித்தான் ஏறுகிறார். மேலும், இந்தக் கதை வெறும் துயரக் கதை இல்லை. கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் நாட்டை ஆளும் நிலைக்கு உயர்ந்த கதை அது. தெருவோரத்தில் சுடச்சுட விற்கும் தால் பூரியிலும், அடிமைகள் வளர்த்தெடுத்த செகா ஆட்டத்திலும் அந்தக் கதை இன்றும் உயிரோடு இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்து சாப்பிட்டாலும் கேட்டாலும் இன்பம் கூடுமே தவிரக் குறையாது.

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, போனில் வரைபடத்தைப் பார்த்து நாமே சுற்றினால் இன்னும் நல்லது என்பது அடுத்த மறுப்பு. அதில் சுதந்திரம் இருக்கிறது. நினைத்த இடத்தில் நிற்கலாம். ஆனால் வரைபடம் அருவியைக் காட்டும், கற்குவியலைக் காட்டாது. காட்டினாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லாது. மலைமேல் கண்ணுக்குப் புலப்படும் சின்னங்கள் குறைவாக உள்ள லெ மோர்ன் போன்ற இடத்தில் கதையே காட்சி. சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது மற்றொரு மலை. முதல் நாள் வழிகாட்டியோடும், மறுநாள் காரை எடுத்துக்கொண்டு தனியாகவும் போவது இரண்டையும் பயனுள்ளதாக்கும்.

கூட்டம் கூட்டமாக ஆட்களை ஏற்றி வருவதே தீவைக் கெடுக்கிறது என்ற மூன்றாவது மறுப்பு கனமானது. 2019இல் இந்தச் சிறு நாட்டுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே அதைவிடக் குறைவு. ஆனாலும் இதற்கான பதிலும் தீவிலேயே இருக்கிறது. மாயேபூருக்கு அருகே இல் ஓ ஸேக்ரெத் என்ற சுமார் 26 ஹெக்டேர் பவளத் தீவை மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் பராமரிக்கிறது. வழிகாட்டி இல்லாமல் அங்கே நடக்க முடியாது. கருங்காலிக் காடும் இளஞ்சிவப்புப் புறாவும் ராட்சத ஆமைகளும் அங்கே வாழ்கின்றன. பயணிகளின் கட்டணம் அந்தப் பணிக்கே உதவுகிறது. 2020 ஜூலை 25ஆம் தேதி 'வகாஷியோ' கப்பல் அருகிலுள்ள பவளத்திட்டில் மோதி, சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தபோது, அரிய செடிகளின் நாற்றுகளை அங்கிருந்து அவசரமாக அப்புறப்படுத்தினார்கள். பொதுமக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவைத் தடுப்புகள் தைத்தார்கள். வழிகாட்டியோடு செல்லும் பயணம் இயற்கைக்கு எதிரி இல்லை என்பதற்கு அந்தச் சிறு தீவே சாட்சி. எண்ணிக்கைக்கு வரம்பும், பேசத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும்.

ஒரு நாளில் ஒரு மக்களின் மனதை அறிய முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பழக்கம் வேண்டும், கிரியோல் மொழி வேண்டும், ஆண்டுகள் வேண்டும். ஒருநாள் பயணம் அதைத் தருவதாகச் சொன்னால் அது பொய். ஆனால் இந்த நிலம் எப்படி உண்டானது, யார் உழைப்பில் இப்படி ஆனது, எதை இழந்தது, எதை மீட்டது என்ற நான்கையும் அது தர முடியும். தராமல் விடுவதுதான் குறை.

தமிழ்ப் பயணிகளுக்கு இதில் தனிப் பொறுப்பும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1730களிலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போர்ட் லூயியைக் கட்ட வந்தார்கள். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை. இவற்றைக் கண்டு பூரிப்பதோடு நின்றுவிட வேண்டாம். பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வண்டி ஓட்டுபவர் தவிர வழிகாட்டி தனியாக வருகிறாரா? ஆப்ரவாசி காட், லெ மோர்ன் இரண்டில் ஒன்றாவது திட்டத்தில் இருக்கிறதா? கடைகளில் எத்தனை நேரம் நிற்கும்? பதில் திருப்தியாக இல்லாவிட்டால், இரண்டு இடங்களைக் குறைத்துக் காட்டினாலும் நன்றாகப் பேசும் உள்ளூர் வழிகாட்டியைத் தேடிப் பிடித்து, அவர் கேட்கும் நியாயமான கூலியைக் கொடுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் சொல்கிறவர்கள் பிழைப்பார்கள்.