எண்ணெய் இருந்தும் ஓடாத இறவை எஞ்சின்

நெற்பயிர் கதிர் வாங்கும் தறுவாயில் இறவை எஞ்சின் நின்றுவிடுமாயின் குடியானவருக்கு உண்டாகும் கவலை சொல்லுந்தரமன்று. அப்பருவத்தில் நிலம் காய்ந்தால் பதர் மிகும்; பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் அந்நஷ்டம் ஈடாவதில்லை. தொட்டியில் டீசல் இருக்கவும் எஞ்சின் கிளம்பாததைக் கண்டு, எண்ணெய்ப் பம்பே கெட்டுவிட்டதென்று தீர்மானித்து அதனைக் கழற்ற முற்படுவோர் பலர். பெரும்பாலும் பழுது அங்கே இருப்பதில்லை. தொட்டிக்கும் நாஸிலுக்கும் இடையேயுள்ள வழியில் அழுக்கோ, தண்ணீரோ, காற்றோ புகுந்திருப்பதே காரணமாகும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது. சிலிண்டரில் காற்று நெருக்குண்டு கடுஞ்சூடு அடையுந் தருணத்தில், பம்பானது எண்ணெயை மிக்க அழுத்தத்துடன் நாஸில் வழியே புகைபோலத் தூவுகின்றது. ருடால்ப் டீசல் என்பவர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில், எண்ணெயை உள்ளே செலுத்துவதற்கு அழுத்திய காற்றே துணை செய்தது. இக்காலத்து எஞ்சினுக்கோ எண்ணெய்க் குழாயில் புகும் காற்றே சத்துருவாகிவிட்டது. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே குழாயில் குமிழி இருப்பின், பம்பு தள்ளுந்தோறும் குமிழி சுருங்கி விரியுமேயன்றி, நாஸில் திறக்குமளவு அழுத்தம் ஏறாது.

ஹேண்டிலைச் சுற்றும்பொழுது புகைக்குழாயைக் கவனிக்க வேண்டும். வெண்புகை வருமாயின் எண்ணெய் சிலிண்டருக்குச் சேருகிறது, எரியவில்லை என்பது பொருள். அதன் காரணம் வேறு. புகையே வாராதாயின் எண்ணெய் சேரவில்லை என்று கொள்ளலாம்.

அவ்வாறாயின் சோதனையைத் தொட்டியிலிருந்தே தொடங்குக. தொட்டி மூடியிலுள்ள சிறு துவாரம் தூசியால் அடைபட்டிருந்தால், எஞ்சின் சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின் தளர்ந்து நிற்கும்; சற்றுப் பொறுத்துக் கிளப்பினால் மீண்டும் ஓடும். இதனைப் பேய்க்குணம் என்று சொல்லி எஞ்சினை விற்க எண்ணுவோரும் உண்டு. மூடியைத் தளர்த்தியவுடன் நேராக ஓடுமாயின் ஓர் ஊசியே போதுமான வைத்தியம். அடுத்து, பில்டரிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயைக் கழற்றி எண்ணெய் வரும் விதத்தைப் பார்க்க. தாரையாக வாராமல் சொட்டுமாயின், திறப்பிலோ பில்டரிலோ தடை உளது. அடியில் தங்கும் தண்ணீரை வடித்து, கறுத்துப்போன பில்டரை மாற்றிவிட வேண்டும். அதனைக் கழுவி மீண்டும் இடுவது பொய்யான சிக்கனம். பம்பின் தண்டுக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே ஆகையால், கண்ணுக்குத் தெரியாத மணலும் அதனைத் தேய்த்துவிடும்.

பின்னர்க் காற்றை வெளியேற்றுதல் வேண்டும். தொட்டியை நிரப்பித் திறப்பைத் திறந்து, பில்டரின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தினால் நுரையுடன் எண்ணெய் வழியும். நுரை நின்று எண்ணெய் மட்டும் வரும்போதே திருகாணியை முடுக்குக. பம்பிலுள்ள திருகாணியிலும் அவ்வாறே செய்க. கடைசியாக, நாஸிலுடன் சேரும் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் கசியும்வரை ஹேண்டிலைச் சுற்றி, நட்டை இறுக்கிவிட வேண்டும். நாஸிலைக் கழற்றி வெளியே தூவவிட்டுப் பார்க்கும் வழக்கம் மிகவும் அபாயகரமானது. அவ்வழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதையில் புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

பம்பைக் கழற்றலாகாதென்பதற்குக் காரணம் யாதெனில், பல எஞ்சின்களில் அதன் அடியில் மெல்லிய தகடுகள் வைக்கப்பட்டிருக்கும். எண்ணெய் தூவும் நேரத்தை நிர்ணயிப்பவை அவையே. ஒரு தகடு வரப்பில் தவறி விழுந்தாலும் எஞ்சின் முன்போல் இழுக்காது.

மழைநீர் இறங்கும் பீப்பாயில் எண்ணெய் வைப்பதும், விலை குறைவென்று மண்ணெண்ணெய் கலப்பதும் பம்புக்குக் கேடு; டீசலே அதற்கு மசகெண்ணெயும் ஆகும். இறவை முடிந்த மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைப்பின், இரவுக் குளிரில் தொட்டியினுள் நீர் வியர்ப்பது குறையும். மேற்சொன்னவை யாவும் செய்தபின்னும் எஞ்சின் கிளம்பாவிடில், நாஸிலை மட்டும் சுத்தமான துணியில் சுற்றி, அழுத்தம் சோதிக்கும் கருவியுள்ள பட்டறைக்கு எடுத்துச்செல்லலாம்.