கல்லொட்டி மீன்

மலையோடையின் வேகம் யாவரும் அறிந்ததே. மனிதர் காலூன்றவும் அஞ்சும் அப்பெருக்கிலே, ஒரு சாணினும் சிறிய மீனொன்று கல்லைப் பற்றியவாறு அமைதியாக மேய்கின்றது. அதுவே கல்லொட்டி. சிங்கள மக்கள் அதனைக் ‘கல் பாண்டியா’ என்பர். 1863 ஆம் ஆண்டில் ஒல்லாந்த மருத்துவரான பிளீக்கர் அதனை அறிவியலுலகுக்கு விவரித்தார். இலங்கையிலன்றி வேறெங்கும் அவ்வினம் இயற்கையாக வாழ்வதில்லை.

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் வெள்ளத்தை வெல்வது எங்ஙனம்? வலிமையாலன்று, உடலமைப்பினாலேயே. வாய் தலையின் கீழ்ப்புறத்தில் உள்ளது. கீழுதடு வட்டத் தட்டுப்போல் விரிந்து கல்லிற் பதிகின்றது. வயிறு தட்டையானது, துடுப்புகள் பக்கவாட்டில் விரிந்து உடலைத் தாங்குகின்றன. கல்லையொட்டி ஓடும் நீர், மேலே ஓடும் நீரினும் வேகங் குறைந்தது. அங்கே உடலைத் தாழ்த்திக் கிடப்பதால் வெள்ளம் மேலாகக் கடந்து செல்கின்றது.

கல்லிற் படரும் நுண்பாசியே இதன் முக்கிய உணவு. பாசி வளர ஒளி வேண்டும். மலைச்சரிவிற் காடழிந்தால், மழை மண்ணை அரித்து ஓடையிற் சேர்க்கும். சேறு கல்லை மூடும், பாசி மடியும், மீனுக்குப் பற்றிடமும் இல்லை, உணவும் இல்லை. சிறு நீர்மின் நிலையங்களுக்காக நீரைத் திருப்புமிடங்களில் ஓடையின் ஒரு பகுதி வறண்டும் போகின்றது. வெள்ளத்துக்கு அசையாத மீன் சேற்றுக்குத் தோற்கின்றது.

ஆதலின், கல்லொட்டியைக் காணும் மாணவர் அதனைப் பிடித்துப் போத்தலில் அடைக்காது, அது பற்றிநிற்கும் கல்லை நோக்குதல் நன்று. கல் தூய்மையாயின், மேலேயுள்ள சரிவின் மண் இன்னும் காக்கப்படுகின்றதென அறியலாம். அவ்வோடை நீரே கீழே வயலுக்கும் வீட்டுக்கும் வருவது.