மியூனிக்: 14,000 கணினிகளின் கணக்கு

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் சுமார் 14,000 கணினிகளுக்கு மென்பொருள் விலை கேட்டபோது மைக்ரோசாஃப்ட் முதலில் சொன்ன விலை 3.66 கோடி டாலர். கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் போட்டிக்கு வந்தது. மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் மேயர் கிறிஸ்டியான் ஊடேயை நேரில் சந்தித்தார். விலை 2.37 கோடி டாலருக்கு இறங்கியது. தள்ளுபடி 1.29 கோடி டாலர், அதாவது 35 சதவீதம். கணினி ஒன்றுக்கு 921 டாலர் குறைந்தது. மாற்று ஒன்று இருந்ததற்கே கிடைத்த பலன் இது.

ஐபிஎம், சூசே நிறுவனங்களின் லினக்ஸ் விலை 3.57 கோடி டாலர். மைக்ரோசாஃப்டின் இறுதி விலையைவிட 51 சதவீதம் அதிகம். ஆனாலும் 2003 மே 28 அன்று மாமன்றம் லினக்ஸையே தேர்ந்தது. கணினிக்கு 857 டாலர் கூடுதலாகத் தர முன்வந்தது, ஒரே விற்பனையாளரை நம்பியிருக்கும் நிலையிலிருந்து வெளிவருவதற்காக.

2012 நவம்பரில் மாநகராட்சி போட்ட கணக்கில் லினக்ஸுக்கு ஆன செலவு சுமார் 2.3 கோடி யூரோ. விண்டோஸ் 7, எம்எஸ் ஆஃபீஸ் வழியில் போயிருந்தால் 3.4 கோடி யூரோ. மிச்சம் 1.1 கோடி. அதில் உரிமக் கட்டணம் 68 லட்சம் யூரோ, ஏறக்குறைய 62 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி, புதிய விண்டோஸுக்காகக் கணினிகளை மேம்படுத்தியிருக்க வேண்டிய செலவு.

உரிமக் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. கடிதத் தலைப்பு, துறை முகவரி, அலுவலர் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தானே நிரப்பும் வோல்மக்ஸ் என்ற மென்பொருளை மாநகராட்சியே எழுதிக்கொண்டது. 2008-இல் அதைக் கட்டற்ற மென்பொருளாகவும் வெளியிட்டது. ஆவணங்கள், 2006-இல் ஐஎஸ்ஓ 26300 என்ற சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட ஓடிஎஃப் ஆவண வடிவத்துக்கு மாறின.

மைக்ரோசாஃப்டுக்காக எச்பி 2013-இல் செய்த ஆய்வு வேறு எண்களைத் தந்தது: லினக்ஸ் 6.07 கோடி யூரோ, விண்டோஸ் 1.7 கோடி. மாநகராட்சி இதை ஏற்கவில்லை. ஆய்வு ஒப்பிட்டது 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியோடு. அதன் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. எதை எதிரே வைப்பது, எதைச் செலவில் சேர்ப்பது என்பவை மாறினால் முடிவும் தலைகீழாகிறது.

2013 இறுதிக்குள் இலக்கான 12,000-ஐத் தாண்டி 14,800 கணினிகள் லினக்ஸுக்கு மாறியிருந்தன. இலக்கில் 123 சதவீதம். நான்கே ஆண்டுகளில், 2017 நவம்பரில், மாமன்றம் விண்டோஸ் 10-க்குத் திரும்ப வாக்களித்தது. மதிப்பீடு சுமார் 29,000 கணினிகளுக்கு 4.93 கோடி யூரோ. ஒன்றுக்கு 1,700 யூரோ. இதை 2012-இன் 2.3 கோடியோடு நேராக ஒப்பிட முடியாது. கணினி எண்ணிக்கை வேறு, செலவினங்களும் வேறு. ஆனால் திரும்பிப் போகும் வழியும் இலவசமில்லை என்பதற்கு இந்த 1,700 போதும்.