அடியில் வேகம் வேற
ட்ரோலிங் என்றதும் இணைய வம்பு ஞாபகம் வரும். நான் சொல்வது படகு ஓட ஓடத் தூண்டிலை இழுத்து மீன் பிடிப்பது. மிச்சிகன் ஏரியில் 1967-ல் விட்ட சினூக் சால்மனை இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

கோடையில் மேல்தண்ணி சூடானதும் சினூக் 12 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும் ஆழத்துக்குப் போய்விடும். தூண்டிலை அங்கே இறக்குவது டவுன்ரிக்கர்: கம்பியில் தொங்கும் கனமான குண்டு, பக்கத்தில் ஒரு கிளிப். மீன் இழுத்ததும் கிளிப் நரம்பை விட்டுவிடும்.

ஆழம் சரிதான், சிக்கல் வேகத்தில். ஜிபிஎஸ் காட்டுவது படகோட வேகத்தை மட்டும். அடி நீரோட்டம் எதிர்த்து வந்தால் தூண்டில் தகடு படபடன்னு ஆடும். கூடவே ஓடினால் சும்மா தொங்கும். போகும்போது கடித்த மீன் திரும்பும்போது கடிக்காததுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

குண்டுக்கிட்டயே வேகம் அளக்கும் கருவி இல்லையா? வளைச்சு ஓட்டிப் பாருங்க. வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகும், உள்பக்கம் மெதுவாகும். வெளிப்பக்கம் கடிச்சா வேகத்தைக் கொஞ்சம் கூட்டணும்.