கோட்டக்குப்பத்துக்குத் தேவை ஒரு தரைத்தள அறை

புதுச்சேரி முத்தியால்பேட்டை எங்கே முடிகிறது, கோட்டக்குப்பம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர்களால் சட்டென்று சொல்ல முடியாது. கடைகள் வரிசையாகத் தொடர்ந்துகொண்டே போகும். புதுச்சேரி மட்டும் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த எல்லையால் தொல்லை ஒன்றும் இல்லை. வீட்டில் ஆட்டிசமோ, மூளை முடக்குவாதமோ, டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளை இருந்தால் நிலைமை வேறு. பெரிய மருத்துவமனையான ஜிப்மர் பக்கத்திலேயே கோரிமேட்டில் இருக்கிறது. சிறப்புப் பள்ளிகளும் புதுச்சேரியில்தான். ஆனால் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வேண்டிய மாவட்ட அலுவலகம் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில். புதுச்சேரி அரசு தன் மக்களுக்குத் தரும் உதவித்தொகை எல்லைக்கு இந்தப் பக்கம் செல்லாது. வைத்தியத்துக்கு ஒரு திசை, சலுகைக்கு இன்னொரு திசை.

இரண்டு திசைக்கும் அலைவது அநேகமாக அம்மாக்கள்தான். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் வேலை பார்க்கும் ஆண்கள் கோட்டக்குப்பத்தில் பல வீடுகளில் உண்டு. சின்ன முதலியார்சாவடி, தந்திராயன்குப்பம் பக்கம் போனால் விடியும் முன்பே கடலுக்குக் கிளம்புகிறவர்கள். வீட்டில் மிஞ்சும் பெண், இடுப்பில் பிள்ளையும் கையில் ஃபைலுமாகப் பேருந்து ஏறுகிறாள். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பதிமூன்று வயதில் நடக்காத மகனை எப்படித் தூக்குவது?

அலைச்சல் தொடங்குவதற்கு முன்பே நிறையக் காலம் வீணாகிவிடுகிறது. "அவன் அப்பனுக்கும் நாலு வயசுலதான் பேச்சு வந்துச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். பிறகு தாயத்து, நேர்த்திக்கடன். குடும்பத்தின் அன்பில் குறை இல்லை, தகவல்தான் இல்லை. ஒரு வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, ஒன்பது மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராத குழந்தை, ஒன்றரை வயதிலும் ஒரு சொல்கூடப் பேசாத குழந்தை எதுவானாலும் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். முதல் சில ஆண்டுகளில் மூளை வேகமாக வளர்கிறது. அப்போது தரும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

பயிற்சி என்றதும் பெரிய கருவிகளும் குளிர்சாதன அறையும் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் அதில் பெரும்பகுதி வீட்டுப் பாயில் நடக்கிறது. பனியன் போடக் கற்றுக்கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். தலையை நுழைப்பது, ஒரு கையை விடுவது, மறு கையை விடுவது, கீழே இழுத்துவிடுவது என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார் சிறப்பாசிரியர். முதல் வாரம் எல்லாவற்றையும் அம்மா செய்கிறார். வயிற்றுக்குக் கீழே இழுத்துவிடும் கடைசி வேலை மட்டும் பிள்ளைக்கு. அது பழகியதும் கடைசி இரண்டு வேலை, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் 'நானே முடித்தேன்' என்ற நிறைவோடு அந்தக் குழந்தை எழுகிறது என்பதால்தான் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். பல் தேய்ப்பது, தட்டு கழுவுவது, சட்டைப் பொத்தான் என்று எல்லாவற்றுக்கும் இதே வழி. பிள்ளை தானே பனியன் போட்டுக்கொள்ளும் வீட்டில் அம்மாவுக்குத் தினமும் பத்து நிமிடம் கிடைக்கிறது. பார்க்கச் சின்ன விஷயம். அந்த வீட்டுக்கு அது பெரிய மாற்றம்.

இதை வீட்டுக்கே வந்து சொல்லித்தர ஆள் வேண்டும். முடியுமா என்று கேட்பவர்கள் தென்காசி மாவட்டம் ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளியோடும் விடுதியோடும் நின்றுவிடாமல் கிராமங்களுக்குள் இறங்கியதுதான் அந்த நிறுவனத்தின் பெரிய சாதனை. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள்; பிசியோதெரபி, ஸ்பீச் தெரபி நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டுகிறார்கள். ஒரு நிபுணரின் அறிவு பல ஊர்களுக்குப் போய்ச் சேருகிறது. பேருந்து ஏறும் வேலை தாய்க்கு மிச்சம்.

சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். அந்த மையம் உருவாக்கிய 'உபநயன்' பயிற்சி முறையில், பிறந்தது முதல் இரண்டு வயது வரைக்கான 250 திறன்கள் ஐந்து பிரிவுகளாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் பெற்றோர் பயிற்சிக்கென்றே ஒரு திட்டம் வகுத்திருக்கிறது: ஒன்பது குழு வகுப்புகள், மூன்று முறை வீட்டுக்கு வருகை. வகுப்பை நடத்துபவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்ணே போதும். கோட்டக்குப்பத்தில் பட்டம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் இளம்பெண்களுக்குக் குறைவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்திலும் ஆதரவு இல்லாமல் இல்லை. சித்ரா ஷா 2003-ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி புதுச்சேரியில் இயங்குகிறது. ஆரோவில்லில் 'தீபம்' மையம் சுற்றுக் கிராமக் குழந்தைகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். 2005 முதல் இயங்கும் மத்திய அரசு நிறுவனம் அது. சிறப்பாசிரியர் படிப்பும் அங்கே உண்டு.

அரசுப் பக்கம் இருப்பவற்றைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அந்தச் சட்டத்தில் தெளிவாக இடம்பெற்றவை. அதற்கு முந்தைய 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனி இடமே கிடையாது. அந்தக் கணக்கில் தமிழகத்தில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் என்று வந்ததே, அதில் எத்தனை பிள்ளைகள் விடுபட்டார்களோ. அந்த 2016 சட்டமே 6 முதல் 18 வயது வரை, அக்கம்பக்கப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லித்தர வேண்டும். "எங்க பிள்ளைக்கு இடம் இல்லன்னுட்டாங்க" என்று திரும்பி வரும் பெற்றோர், மறுத்ததை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு பலருக்குத் தெரிவதே இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அது உதவும். முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது. புறநோயாளிச் செலவும் தெரபியும்கூட அதில் வரும்.

பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் இன்னொரு சுவர். பள்ளி முடிந்துவிடும், போக இடம் இராது. பெற்ற தாயே ஆனாலும், வயது வந்த மகனுக்காகச் சட்டப்படி கையெழுத்துப் போடும் உரிமை தானாக வராது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரின் குழுவிடம் மனு கொடுத்துச் சட்டக் காப்பாளராக வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து, குடும்ப ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அது அவசியம். பிள்ளைக்குப் பதினேழு ஆகும்போதே ஆவணங்களைத் திரட்டத் தொடங்குவது நல்லது.

"எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பா?" இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் கிடையாது. பதில் தெரியாதபோதுதான், எங்கோ ஒரு 'ஹோம்' இருக்கிறதாம் என்று யாரோ சொன்னதை நம்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். இதே விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் 2023 பிப்ரவரியில் வெளிவந்த செய்தி நாட்டையே அதிரவைத்தது. மனநலம் பாதித்தவர்களும் ஆதரவற்றோருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரு காப்பகத்தில் உரிய உரிமம் இல்லாமல் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். துன்புறுத்தல் புகார்களும் ஆட்களைக் காணவில்லை என்ற புகார்களும் எழுந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. சொந்த ஊரில் ஆதரவு இல்லாத இடத்தில்தான் இப்படிப்பட்ட காப்பகங்கள் தழைக்கின்றன. பகலில் சில மணி நேரம் வேலையும் நட்பும் தரும் ஒரு மையம், அம்மா காய்ச்சலில் படுத்தால் இரண்டு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, ஒரே கவலையுள்ள பெற்றோர் கூடிப் பேச மாதம் ஒரு கூட்டம் என்று இவ்வளவு இருந்தாலே பல குடும்பங்கள் தங்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்.

காலம் சற்றுக் கனிந்திருக்கிறது. உலக வங்கி உதவியுடன் தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன; சிகிச்சைக் கருவிகளோடு ஊர் தேடிப் போகும் வண்டிகளும் அத்திட்டத்தில் உண்டு. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. 2021-ல் நகராட்சியாகத் தரம் உயர்ந்த கோட்டக்குப்பத்துக்கும் அதன்படி ஓர் இடம் உண்டு.

அந்த நகராட்சி மன்றத்தின் முன் வைக்கக் கோரிக்கை ஒன்று இருக்கிறது. ஊருக்குள், படிக்கட்டு இல்லாத, கழிப்பறையோடு கூடிய ஒரு தரைத்தள அறை. வாரத்தில் இரண்டு நாள் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாம் ஆண்டுக்கு இருமுறை அங்கேயே. நகராட்சியிடம் கட்டடம் இல்லையென்றால் ஜமாஅத்தும் மீனவர் பஞ்சாயத்தும் மனம் வைக்கலாம். கல்யாண மண்டபங்கள் வாரநாட்களில் பூட்டித்தான் கிடக்கின்றன. உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்த அம்மாவிடம் உதவித்தொகையும் நிராமயா காப்பீடும் பதிந்தாயிற்றா என்று ஒருமுறை கேளுங்கள். பதியவில்லை என்றால் விழுப்புரத்துக்கு அவரோடு ஒருநாள் போய் வாருங்கள்.